உதிராத மணி நிலைக்க ஏன் இத்தனை ஆயிரம் ஆண்டு?

(இணைய மன்றத்தின் ஓர் இழை. எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

1. காலக்கோடு

"இயற்கையே மெதுவாகத்தான் மாறுகிறது, சமூகமும் அப்படித்தான் மாறும், அவசரப்படக் கூடாது" என்ற வாதம் பக்கத்து இழையில் நாலைந்து நாளாக ஓடுகிறது. பொதுவாகப் பேசினால் இரண்டு பக்கமும் எதையும் நிரூபிக்கலாம். ஒரே ஒரு மாற்றத்தை எடுத்து அளந்து பார்க்கத்தான் இந்தத் தனி இழை.

எடுத்துக்கொள்வது: தானிய மணி செடியிலிருந்து உதிராமல் நின்ற கதை.

காட்டுப்புல்லில் மணி முற்றியதும் அதன் அடியில் இருக்கும் மெல்லிய உதிர்வு அடுக்கு கரைந்துவிடும். காற்றடித்தால் மணி தரையில். புல்லுக்கு அதுதான் பிழைப்பு. அந்த அடுக்கு சரியாக உருவாகாத செடி காட்டில் வாரிசில்லாமல் போகும், ஏனென்றால் மணி கதிரிலேயே நின்று பறவைக்கு இரையாகிறது. மனிதன் அறுத்து, எடுத்துவைத்து, மறுவருடம் விதைத்தால் நிலைமை தலைகீழ். உதிர்ந்தது வயலோடு போகும், உதிராதது வீட்டுக்கு வரும், விதையாகத் திரும்பும்.

கோர்டன் ஹில்மன், ஸ்டூவர்ட் டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990இல் இதற்குக் கணக்குப் போட்டார்கள். அரிவாளால் அறுத்து அதே விதையைப் புதிய நிலத்தில் விதைத்து வந்தால் காட்டுக் கோதுமை 20 முதல் 200 ஆண்டுக்குள் உதிராப் பயிராகிவிடும் என்று வந்தது. மண்ணுக்குள்ளிருந்து வந்த சான்று வேறு மாதிரி. டான்னோ, வில்காக்ஸ் இருவரும் 2006இல் துருக்கி, சிரியா அகழிடங்களின் கோதுமையை வரிசைப்படுத்தியபோது மாற்றம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இழுத்தது. நெல்லுக்கு சீனத்தின் யாங்சி ஆற்றுக் கீழ்ப்பகுதியில் உள்ள தியான்லோஷான். அங்கே 6,900 ஆண்டுகளுக்கு முன்பு உதிராத வகை 27 சதவீதம், 300 ஆண்டு கழித்து 39 சதவீதம். அவ்வளவுதான்.

20 ஆண்டு எங்கே, ஆயிரக்கணக்கான ஆண்டு எங்கே? நடுவில் என்ன நடந்தது?

2. களத்துமேடு

காரணத்துக்குப் போகுமுன், 27 சதவீதம் என்று எப்படி எண்ணினார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பேசினால் பாதிச் சண்டை வீண்.

பார்ப்பது அரிசியை அல்ல. உமியின் அடியில், மணி காம்போடு சேர்ந்திருந்த இடத்தில், குண்டூசித் தலையை விடச் சிறியதாக ஒரு துண்டு இருக்கும். சிறுகதிர் அடி என்று வைத்துக்கொள்வோம். அகழிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதப்பதை அள்ளி, மெல்லிய சல்லடையில் பிடிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் சல்லடை வைத்தால் இந்தத் துண்டுகள் எல்லாம் கண்வழியே ஓடிவிடும், அரிசி மட்டும் மேலே நிற்கும். பழைய அகழாய்வுகளில் "நெல் கிடைத்தது" என்ற செய்தி இருந்தும் அது காட்டுநெல்லா வயல்நெல்லா என்று சொல்ல முடியாமல் போனது இதனால்தான்.

துண்டை நுண்ணோக்கியில் வைத்தால் மூன்று விதத் தழும்பு தெரியும்.

தானாக உதிர்ந்ததில் தழும்பு வட்டமாக, வழுவழுப்பாக, நடுவில் சிறு துளையோடு இருக்கும். கதிரடித்துப் பிய்த்ததில் பள்ளமாக, ஓரம் கிழிந்து, ஒழுங்கில்லாத ஓட்டை. முற்றாமல் பச்சையாக அறுத்ததில் காம்பின் குச்சி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் வில்லங்கம். பச்சையாக அறுத்த காட்டுநெல்லும் கிழிந்த தழும்பு மாதிரி ஏமாற்றும். அதைத் தனிக் கணக்கில் வைக்காவிட்டால் வயல்நெல் சதவீதம் ஏறிவிடும். வாற்கோதுமையில் (பார்லி) இன்னொரு பொறி இருக்கிறது. முழுக்க முழுக்கக் காட்டுச் செடியிலேயே கதிரின் அடிப்பக்கத்து மணிகளில் பத்தில் ஒன்று வரை கிழிந்த தழும்போடுதான் வரும். ஆகவே 10 சதவீதத்துக்குக் கீழே எது கிடைத்தாலும் "விவசாயம் தொடங்கிவிட்டது" என்று குதிக்க முடியாது.

தியான்லோஷானில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அதே 300 ஆண்டில், கிடைத்த தாவர எச்சங்களில் நெல்லின் பங்கு 8இலிருந்து 24 சதவீதமாக ஏறியது. மீதியில் பெரும்பங்கு ஓக் மரக்கொட்டைகளும் நீர்க்கொட்டைகளும். நெல்லை விதைத்துக்கொண்டே கொட்டையும் பொறுக்கியிருக்கிறார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

3. கணக்கர்

27 → 39 என்பதிலிருந்து ஆண்டு வேகத்தைக் கணக்கிடும் வழி.

தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிருக்கு: (உதிராதது ÷ உதிர்வது) என்ற விகிதம் ஒவ்வோர் ஆண்டும் ஒரே எண்ணால் பெருகும். அந்த எண் 1.05 என்றால் உதிராததற்கு ஆண்டுக்கு 5 சதவீத ஆதாயம்.

தொடக்கத்தில் 27/73 = 0.370. முடிவில் 39/61 = 0.639. இரண்டின் இயல்மடக்கைகளுக்கு இடையே வேறுபாடு 0.547. 300 ஆல் வகுத்தால் 0.0018. அதாவது ஆண்டு ஆதாயம் ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை.

அதே வேகத்தில் 1 சதவீதத்திலிருந்து 99க்குப் போக மடக்கை 9.19 நகர வேண்டும். சுமார் 5,000 ஆண்டு. ஆதாயம் 5 சதவீதமாக இருந்திருந்தால் 188 ஆண்டு. ஹில்மன் சொன்ன 20 ஆண்டு வேண்டுமென்றால் ஆதாயம் கிட்டத்தட்ட 60 சதவீதம் இருக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டதும் அந்த அளவுதான்.

கணிதம் இரண்டு பக்கமும் சரி. உள்ளே போட்ட எண்தான் வேறு.

4. நிதானம்

அப்படியானால் பக்கத்து இழையில் நான் வைத்த வாதம் பலப்பட்டதுதானே? ஆயிரத்துக்கு இரண்டு. இயற்கை தாவாது என்று டார்வின் சொன்னது சரி. மனிதர்களே கையில் எடுத்துச் செய்த மாற்றத்துக்குக்கூட ஐயாயிரம் ஆண்டு ஆகியிருக்கிறது. இன்று ஒரு சட்டம் போட்டு நாளை மனிதர் மாறிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

5. களத்துமேடு

நிதானம் ஐயா, டார்வினை இழுத்துவிட்டீர்கள், அவர் நண்பர் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1859 நவம்பர் 23, டார்வின் நூல் வெளியாவதற்கு முந்தின நாள், தாமஸ் ஹக்ஸ்லி எழுதிய கடிதத்தில் வாழ்த்தோடு ஒரு குறையும் இருந்தது: இயற்கை தாவாது என்ற கொள்கையை இவ்வளவு இறுக்கிப் பிடித்துத் தேவையில்லாத சுமையை ஏற்றிக்கொண்டீர்கள் என்று. இந்தச் சண்டை அந்தக் கோட்பாட்டோடு கூடவே பிறந்தது.

நெல்லில் இரண்டு வேகங்கள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

முதலாவது, மாற்றம் தோன்றும் வேகம். எஸ்எச்4 என்ற மரபணுவில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மாறியது. புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் அஸ்பராஜின் வந்தது, உதிர்வு அடுக்கு அரைகுறையாயிற்று. ஜப்பானிய வகை நெல்லில் கியூஎஸ்எச்1 என்ற இன்னொரு மரபணுவின் முன்பகுதியிலும் ஓர் எழுத்து மாறியதால் மணி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நம் பக்கத்து இண்டிகா நெல் கட்டோடு ஓங்கி அடித்தால் கொட்டுகிறது, ஜப்பானிய நெல் அவ்வளவு எளிதில் கொட்டாது, அதில் பெரும்பங்கு இந்த ஒற்றை எழுத்துக்குத்தான். வாற்கோதுமையிலும் அப்படியே: ஒரு வகையில் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து தவறியது, இன்னொரு வகையில் பக்கத்து மரபணுவில் 11 எழுத்துகள். இரண்டும் தனித்தனியே நடந்தவை. இதெல்லாம் தாவல்தான். அரை உதிர்தல், கால் உதிர்தல் என்று படியேறி வரவில்லை.

இரண்டாவது, தோன்றியது பரவும் வேகம். கணக்கரின் 0.0018 இதைப் பற்றியது மட்டும். அந்த எண்ணை இயற்கை தீர்மானிக்கவில்லை. எப்படி அறுத்தார்கள், எந்த விதையை எங்கே விதைத்தார்கள் என்பதுதான் தீர்மானித்தது.

6. எள்ளுக்காய்

அறுப்பைப் பற்றிச் சொல்கிறேன். நான்கு வழிகள், விளைவு ஒன்றல்ல.

கூடையைக் கீழே பிடித்துக் கதிரைத் தட்டினால் கூடையில் விழுவது உதிரும் வகை. உதிராதது செடியிலேயே தங்கிவிடும். இப்படி ஆயிரம் ஆண்டு அறுத்தாலும் உதிரும் குணத்துக்கே ஆதாயம்.

முற்றுமுன் பச்சையாக அறுத்தால் இரண்டும் சமமாக வரும். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கும் தெரிவே நடக்காது. உதிர்வதால் இழப்பு வருகிறது என்று கண்டவர் முதலில் செய்யக்கூடியதும் இதுதான். கெட்டிக்காரத்தனமான அறுவடை, பரிணாமத்துக்கு முட்டுக்கட்டை.

முற்றியபின் அரிவாளால் அறுத்தால், அல்லது வேரோடு பிடுங்கினால் ஆதாயம் உதிராததற்கு. ஹில்மன் கணக்கு இதை வைத்துத்தான்.

தரையில் கொட்டியதைப் பெருக்கி எடுத்தால் கதை மறுபடி உதிர்வதன் பக்கம்.

அரிவாள் வந்ததும் எல்லாம் மாறிவிடும் என்று சிலர் எழுதுவார்கள். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான லெவான்ட் பகுதியில், உழவுக்கு முன் வாழ்ந்த நட்டூஃபியன் மக்களிடம் கல்லரிவாள் இருந்தது. ஆனால் உதிராத கோதுமை வரப் பல ஆயிரம் ஆண்டு பாக்கி. கருவி மட்டும் போதாது, அறுக்கும் நாளும் விதை எடுக்கும் இடமும் சேர வேண்டும்.

அரிவாளின் பலன் எவ்வளவு என்பதற்குப் பயிர் ஆய்வாளர் ஜாக் ஹார்லனின் சோதனை உண்டு. 1960களில் துருக்கியில் காட்டுக் கோதுமையைச் சிக்கிமுக்கிக் கல்லரிவாளால் அறுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சுத்தமான தானியம். ஒரு குடும்பம் மூன்று வாரம் வேலை செய்தால் ஆண்டுக்குத் தின்பதை விட அதிகமாகச் சேர்க்கலாம் என்று கணித்தார். காடே இவ்வளவு கொடுக்கும்போது விதைக்க அவசரம் எதற்கு?

7. வரப்போரம்

எள்ளுக்காய் சொன்ன முதல் வழிக்கு உயிரோடு இருக்கும் சாட்சி வட அமெரிக்காவில். அங்கே ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் ஏரிகளில் விளையும் மனோமின் என்ற காட்டரிசியை அறுக்கிறார்கள். நம் நெல் இனமில்லை, வேறு பேரினம். ஒருவர் படகைத் தள்ள, மற்றவர் ஒரு கோலால் தண்டை வளைத்து இன்னொரு கோலால் மெல்லத் தட்டுவார். முற்றியது படகில் விழும், முற்றாதது மறு நாளுக்கு நிற்கும், படகுக்கு வெளியே விழுந்தது அடுத்த ஆண்டு முளைக்கும். மினசோட்டாவில் இதற்கு விதிமுறையே உண்டு: தட்டுக்கோல் 30 அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது, ஒரு பவுண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அறுத்தும் மனோமின் இன்றும் உதிர்கிறது. உதிர வேண்டும் என்பதுதான் அந்த முறையின் உயிர்.

அதே செடியை 1960களில் மினசோட்டாவில் பாத்தி கட்டி இயந்திரத்தால் அறுக்கத் தொடங்கினார்கள். உதிராத செடிகளைத் தேடி எடுத்து, சில ஆண்டுகளிலேயே உதிர்வு குறைந்த வகையை வெளியிட்டார்கள். செடி அதே செடி. அறுத்த விதம் மாறியது.

8. கணக்கர்

இரண்டாவது காரணம் விதைக் கலப்பு. இதை வீட்டில், பள்ளியில் யாரும் செய்து பார்க்கலாம். அரை மணி நேரம்.

வேண்டியது: ஒரே அளவுள்ள பாசிமணி, கருப்பு 200, வெள்ளை 100, இரண்டு கிண்ணம். (உளுந்தும் கொண்டைக்கடலையும் வைக்காதீர்கள். கண்ணை மூடி எடுத்தாலும் கை பெரியதையே தேடும், விடை கோணும்.)

கிண்ணத்தில் 95 கருப்பு, 5 வெள்ளை. கருப்பு உதிர்வது, வெள்ளை உதிராதது.

அறுவடை: கருப்பில் பாதியை எடுத்துவிடுங்கள். அது வயலில் கொட்டியது. ஒற்றை எண் வந்தால் காசு சுண்டுங்கள். வெள்ளையைத் தொட வேண்டாம்.

விதைப்பு: மீதியின் விகிதப்படி மறுபடி 100 ஆக்குங்கள். முதல் சுற்றில் 5 வெள்ளைக்கு 47 அல்லது 48 கருப்பு மிஞ்சும், ஆகவே 10க்கு 90.

இப்படியே பத்துச் சுற்று. வெள்ளை 98க்கு வந்துவிடும். பத்தே அறுவடை.

இப்போது ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். ஒவ்வொரு விதைப்பிலும் 70 மணியை மட்டும் அறுவடை விகிதப்படி போடுங்கள், மீதி 30ஐக் காட்டு விதைக் கிண்ணத்திலிருந்து, அதாவது முழுக்கக் கருப்பாக, போடுங்கள். மழை பொய்த்த வருடம் விதையைத் தின்றுவிட்டுக் காட்டில் பொறுக்கிக்கொண்டு வந்ததாக வைத்துக்கொள்ளலாம். பக்கத்துச் சதுப்பிலிருந்து மகரந்தம் வந்தாலும், வயலில் கொட்டியது தானாக முளைத்தாலும் ஏறத்தாழ இதே விளைவு.

5, 6.7, 8.8, 11, 14, 17, 21, 24, 27, 30, 32. பத்தாவது சுற்றில் 98க்குப் பதில் 32. இன்னும் நூறு சுற்று போனாலும் 40ஐத் தாண்டாது. உதிராததற்கு இரட்டை ஆதாயம் கொடுத்தும் அங்கேயே நின்றுவிடும்.

அடிக்கடி நடக்கும் பிழை: காட்டு விதை 30ஐச் சேர்த்த பிறகு மொத்தத்தில் பாதிக் கருப்பை எடுப்பது. வரிசை மாறினால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணும் இடம் மாறிவிடும், மேலே சொன்ன எண்களோடு பொருந்தாது. முதலில் அறுவடை, பிறகு கலப்பு, பிறகு எண்ணுதல்.

9. களத்துமேடு

ஓக் கொட்டையை நினைவில் வையுங்கள் என்றது இதற்குத்தான். பொறுக்குவதை விடாத சமூகம் காட்டு விதையையும் விடாது. தமிழில் இதற்கு அருமையான சான்று இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் (வேட்டுவப் பெண்கள்) கரம்பு நிலத்தைக் கிளறி எறும்பு சேர்த்த புல்லரிசியை எடுத்து வந்து உரலில் குற்றுகிறார்கள். அதே பாட்டில் சற்றுத் தள்ளிப் போனால் மருத நிலத்து நெல்வயல். உழவு வந்ததும் பொறுக்குவது நின்றுவிடவில்லை, இரண்டும் அக்கம்பக்கத்தில்.

மரபியல் பக்கமும் ஒரு சேர்க்கை. உதிராக் குணம் பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. மரபணுவின் தாய்வழி, தந்தைவழி நகல் இரண்டும் மாறினால்தான் வெளியே தெரியும். தன் மகரந்தச் சேர்க்கை உள்ள பயிரில் சில தலைமுறையிலேயே இரண்டு நகலும் மாறிய செடிகள் வந்துவிடும். அயல் மகரந்தம் அதிகம் புகும் பயிரில், மரபணு நூற்றுக்கு ஒன்று இருந்தாலும் வெளியே தெரிவது பத்தாயிரத்துக்கு ஒன்று. அறுப்பவர் கைக்கு அது படவே படாது. எம்மர் என்ற பழைய வகைக் கோதுமைக்கு இன்னும் சிக்கல். அதில் இரண்டு மரபணுத் தொகுதிகள், இரண்டிலும் உதிர்வு மரபணு பழுதாக வேண்டும்.

10. காலக்கோடு

ஒரு தடை எழுப்புகிறேன், கணக்கரிடம்தான். 300 ஆண்டுச் சராசரியை ஆண்டுக்கு 0.0018 என்று பிரித்துக் கொடுப்பது ஆபத்து. தொல்லுயிரியலாளர் பிலிப் ஜிஞ்சரிச் 1983இல் காட்டியது: எவ்வளவு நீண்ட இடைவெளியில் அளக்கிறீர்களோ அவ்வளவு மெதுவாகத் தெரியும் பரிணாமம். நடுவில் ஏறி இறங்கியதெல்லாம் ஒன்றையொன்று அழித்துவிடும், மிச்சம் மட்டும் நம் கைக்கு வரும்.

கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவு. பீட்டர், ரோஸ்மேரி கிரான்ட் இணையர் 1973 முதல் அங்கே குருவிகளை அளந்தார்கள். 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்து, பெரிய கடின விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரைக்குருவிகளில் பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவு தடிப்பு. ஒரே ஆண்டு. 1983இல் எல் நினோ மழை கொட்டி, சிறு விதை பெருகி, அடுத்த ஓரிரு ஆண்டில் தெரிவு எதிர்த்திசைக்குத் திரும்பியது. 1976ஐயும் 1990ஐயும் மட்டும் பார்த்தவர் "பதினான்கு ஆண்டில் பெரிதாக ஒன்றுமில்லை, மெதுவான மாற்றம்" என்று எழுதிவிடுவார்.

தியான்லோஷானிலும் அப்படி இருந்திருக்கலாம். நல்ல மழைக்காலத்தில் பத்து ஆண்டு ஏறி, ஒரு வெள்ளத்தில் விதை போய், காட்டு விதையோடு மறுபடி தொடங்கி.

11. கணக்கர்

ஏற்றுக்கொள்கிறேன். 0.0018 நிகர வேகம். ஆண்டுக்கு ஆண்டு அதுவே நடந்தது என்று படிக்கக் கூடாது. பாசிமணி விளையாட்டிலும் ஏழு சுற்றுக்கு ஒரு முறை கிண்ணத்தின் பெரும்பகுதியைக் காட்டு விதையால் நிரப்பினால் இதே கதைதான்.

12. எள்ளுக்காய்

முடிந்துபோன வரலாறு மாதிரி பேசுகிறோம். பாதியில் நிற்கும் பயிர்கள் நம் காட்டிலேயே உண்டு.

எள். காய் முற்றினால் நுனி வெடித்து விதை கொட்டும். அடிக்காய் முற்றும்போது நுனியில் பூ இருக்கும். ஆகவே முழுதும் முற்றும் வரை காத்திருக்க முடியாது. கீழ் இலையில் கால்பங்கு உதிர்ந்து, நடுக்காய் வரை மஞ்சள் பாரித்ததும் அறுத்துவிட வேண்டும். கட்டுகளை வட்டமாக அடுக்கு: தண்டு வெளியே, நுனி உள்ளே. மேலே வைக்கோல் மூட்டம். மூன்று நாள் புழுங்க விட்டு, பிரித்து உதறினால் பெரும்பகுதி கொட்டும். மீதிக்கு இன்னும் சில நாள் காய்ச்சல் வேண்டும். நான்கு நாள் தாமதித்து அறுத்தால் அடிக்காய் காலி, காடு முழுக்க எள். ஒரு வாரம் முந்தினால் நுனி விதை சொத்தை, எண்ணெய் குறைவு.

உதிராத எள் இல்லையா? இருக்கிறது. வெனிசுவேலாவில் டெரால்ட் லாங்ஹாம் 1943இல் வெடிக்காத காய்ச் செடியைக் கண்டார். ஒரே மரபணு, ஒடுங்கு பண்பு, பாடப்புத்தகம் மாதிரி. ஆனால் காய் இறுகிப்போய், அடித்துப் பிரிப்பதற்குள் விதை நசுங்கியது. அந்தக் குணத்தோடு வேறு குறைகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. தாவல் வந்தது, பரவவில்லை.

பாசிப்பயறும் அப்படித்தான். முற்றிய நெற்றை இரண்டு மூன்று தடவை கையால் பறிக்கிறோம். கைப்பறி நடக்கும் வரை, வெடிக்கும் நெற்றும் வெடிக்காத நெற்றும் ஒரே கூடைக்குத்தான் வரும். கூலி ஏறி ஒரே அறுப்பாக இயந்திரம் இறங்கினால்தான் அங்கே தெரிவு தொடங்கும்.

13. வரப்போரம்

பின்னோக்கியும் போகும். களைநெல், அதாவது நெல்வயலில் களையாக முளைத்து மணியை உதிர்க்கும் நெல்.

மலேசியாவில் 1980களில் நாற்றுநடவுக்கு ஆள் கிடைக்காமல் நேரடி விதைப்புக்கு மாறினார்கள். அந்தப் பத்தாண்டு முடியுமுன் சிலாங்கூர் வயல்களில் "பாடி ஆங்கின்", அதாவது காற்று நெல், தலைகாட்டியது. காற்றடித்தால் கொட்டும் நெல். நடவு வயலில் நாற்றுக்கு வயது முன்னே, தேங்கிய தண்ணீரில் களைநெல் முளைக்காது. நேரடி விதைப்பில் இரண்டும் ஒரே நாளில் முளைக்கும், பார்க்கவும் ஒரே மாதிரி, கதிர் வரும் வரை பிரித்தறிய முடியாது.

இதில் ரசமான செய்தி, அமெரிக்கக் களைநெல்லை ஆராய்ந்தபோது எஸ்எச்4இல் பயிர்நெல்லின் மாறிய எழுத்து அப்படியே இருந்தது. பழைய பூட்டைத் திறக்காமல் வேறு மரபணுக்கள் வழியாக உதிர்தல் திரும்ப வந்திருக்கிறது. பின்னோக்கிப் போகிறது என்றேன், ஆனால் வந்த வழியே அல்ல.

வயலில் செய்ய வேண்டியது: தண்ணீர் கட்டி, சேறாக்கி, 10–15 நாள் முளைக்க விட்டு, முளைத்ததை உழுது அழித்து, முடிந்தால் இன்னொரு முறை. ஆழ உழக் கூடாது, புதைந்த விதை தூங்கி எழுந்து மூன்றாம் வருடம் வரும். ஒன்றிரண்டு போகம் நடவுக்குத் திரும்புவது நல்ல மருந்து. விதை சுத்தம் முக்கியம். நம் நாட்டுச் சான்றுவிதைத் தரத்தில் காட்டுநெல் கிலோவுக்கு 5 மணி வரை அனுமதி. ஏக்கருக்கு 30 கிலோ விதைத்தால் 150 செடி வரை நம் கையாலேயே ஊன்றுகிறோம். கதிர் உதிருமுன் பிடுங்கினால்தான் பலன்.

களைக்கொல்லி தாங்கும் நெல்லை (அமெரிக்காவில் 2002, மலேசியாவில் 2010) கொண்டுவந்து பார்த்தார்கள். அறிவுறுத்தியபடி பயிர் சுழற்றாமல் அதையே திரும்பத் திரும்பப் போட்ட வயல்களில், மகரந்தம் வழியே அந்தத் தாங்கும் குணமும் களைநெல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. இதற்கு ஆயிரம் ஆண்டு ஆகவில்லை.

14. நிதானம்

பயிரைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டது சமூகம். மனிதர் மனம் பாசிமணி இல்லை. பழக்கம் மெல்லத்தான் மாறும்.

15. கணக்கர்

பழக்கத்துக்கும் அளவு இருக்கிறது. ரையன், கிராஸ் இருவரும் 1943இல் வெளியிட்ட ஆய்வு: அயோவாவின் இரண்டு ஊர்களில் 259 விவசாயிகள். 1928க்கும் 1941க்கும் இடையில் இரண்டே பேர் தவிர எல்லோரும் கலப்பின மக்காச்சோளத்துக்கு மாறினர். மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, கடைசியில் தணியும் எஸ் வடிவ வளைவு, அதே மடக்கைக் கணக்கு. மாநில அளவில் பரப்பு 10 சதவீதத்திலிருந்து 90க்குப் போக நான்கைந்து ஆண்டு. மடக்கை 4.39 நகர்வு, ஆண்டுக்கு ஏறத்தாழ 1. தியான்லோஷானை விட ஐந்நூறு மடங்கு.

எவரும் ஒரே நாளில் நம்பிவிடவில்லை. முதல் வருடம் ஒரு மூலையில் மட்டும் போட்டு, பார்த்து, பிறகு பரப்பைக் கூட்டினார்கள். உங்கள் "நிதானம்" அங்கேயும் இருந்தது. ஆனால் கலப்பின விதையை எடுத்துவைத்து மறுவருடம் விதைக்க முடியாது, விளைச்சல் சரியும். ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். பழைய விதை கலக்கும் வழியே அடைபட்டது. 30 கருப்பு மணி இல்லாத கிண்ணம் அது. (விவசாயி விதைக்காரனிடம் நிரந்தர வாடிக்கையாளன் ஆனது இன்னொரு இழைக்கான பேச்சு.)

16. களத்துமேடு

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. வைக்கம் போராட்டம் 1924–25. கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கலாமா என்பது கேள்வி. சமரசம் வந்தது: மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு மட்டும் திறக்கவில்லை. அது திறக்க 1936 நவம்பர் 12 திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை ஆயிற்று.

தூரத்திலிருந்து பார்த்தால் அழகான படிப்படியான மாற்றம். முதலில் மூன்று தெரு, பிறகு நான்காவது தெருவும் கோயிலும். கிட்டப் போனால் அந்தப் பதினோரு ஆண்டில் கிழக்குத் தெரு அங்குலம் அங்குலமாகத் திறந்துகொண்டிருக்கவில்லை. மூடியே வைத்திருந்தார்கள். கணக்கரின் கிண்ணம் 40இல் நின்றது வெள்ளை மணியின் சோம்பலால் அல்ல, ஒவ்வொரு சுற்றிலும் யாரோ 30 கருப்பைப் போட்டுக்கொண்டே இருந்ததால். எனவே "மெதுவாக மாறுகிறது" என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: கலப்பது யார்?

நிதானம் ஐயா, பிரகடனம் வந்த மறுநாளே எல்லா மனமும் மாறிவிட்டதென்று நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்வது போல மெல்லத்தான் நடந்தது, இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த மெதுவைக் காட்டி, கதவை மூடி வைத்ததையும் இயற்கையின் கணக்கில் எழுத முடியாது.

17. நிதானம்

கிழக்குத் தெரு விஷயம் யோசிக்க வைக்கிறது. ஒரு சந்தேகம், கணக்கரிடம். 30 கலந்தால் 40இல் நிற்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் எங்கே நிற்கும்? 20ஆ?

18. கணக்கர்

எங்கும் நிற்காது, கரைந்துபோகும். 5 சதவீதம் என்பது 20இல் ஒன்று. அறுவடையில் அது இரட்டிப்பு ஆதாயம் பெற்று 21இல் இரண்டாகும், பாதி கலந்ததும் 21இல் ஒன்றாகும். அடுத்த சுற்று 22இல் ஒன்று, பிறகு 23இல் ஒன்று. பத்தாவது சுற்றில் 30இல் ஒன்று, எண்பதாவது சுற்றில் 100இல் ஒன்று. இரட்டை ஆதாயத்துக்குச் சரியாகப் பாதிதான் எல்லைக்கோடு. அதற்குக் கொஞ்சம் கீழே, 45 கலந்தால், 10 சதவீதத்தில் நிற்கும்.

விகிதப்படி எண்ணிப் போடாமல் கண்ணை மூடி எடுத்து விளையாடினால், 100 மணிக் கிண்ணத்தில் எண்பது சுற்று வரை வெள்ளை தாங்காது. நாலைந்து மணியாக இருக்கும்போதே ஒரு துரதிர்ஷ்டச் சுற்றில் தீர்ந்துவிடும். எல்லைக்கோட்டை ஒட்டிய எண்களைச் சோதிக்க 1,000 மணியாவது வையுங்கள்.